கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் "ரத்தக்குழாய் அமைப்பு மறைந்துள்ளது": குழாயே போய்விட்டதா?

4 பிப்ரவரி 2024 (கேள்வி)

தங்கைக்கு 19 வயசு. ஆறு வாரமா ரத்தமும் சளியுமா போகுது. நேத்து கொலோனோஸ்கோபி ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் உள்சவ்வுல அழற்சி, புண்), மலக்குடல்ல ஆரம்பிச்சு இடப்பக்கம் முழுக்க, மேயோ 2-ன்னு போட்டிருக்கு. அதுல ஒரு வரி: "ரத்தக்குழாய் அமைப்பு முற்றிலும் மறைந்துள்ளது." டாக்டர் மாத்திரை எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். இவ ராத்திரி முழுக்க அந்த ஒரு வரியையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. குடலுக்கு ரத்தமே போகலையா? குழாய் அழுகிப்போச்சா? திரும்ப வளருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

4 பிப்ரவரி 2024, இரவு

குழாய் எங்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் தங்கையிடம் போய் இதைச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எனக்கு 14 வருஷமாக இதே நோய். பிழைப்பும் அதற்குப் பக்கத்திலேயே அமைந்துவிட்டது. நோய்க்கூறியல் லேபில் டெக்னீஷியன். பயாப்சியில் வரும் துணுக்கை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக டாக்டரின் மேசைக்கு அனுப்புவேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்று, நிறுத்து என்றெல்லாம் சொல்லமாட்டேன். அந்த வரி எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியும்.

நலமான பெருங்குடலின் உட்சவ்வு மெல்லியது, பளபளப்பானது, ஒளி புகக்கூடியது. இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நரம்போட்டம் தெரியுமே, அப்படி வெளிறிய இளஞ்சிவப்புப் பரப்புக்கு அடியில் கிளை பிரிந்து ஓடும் குழாய்கள் கேமராவில் தெரியும். அழற்சி வந்தால் சவ்வு நீர் கோத்துத் தடிக்கும். வெள்ளணுக்கள் உள்ளே வந்து குவியும். மேலே இருக்கும் தந்துகிகள் புடைத்து, பரப்பு முழுக்க ஒரே சிவப்பாகிவிடும். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தால் வெளியே நிற்கும் மரம் தெரியாது. மரம் அங்கேயேதான் நிற்கும்.

ரத்தமே போகவில்லையா என்று கேட்டீர்கள். கடும் அழற்சியில் நேர்மாறு: அந்தப் பகுதிக்கு வழக்கத்தைவிட அதிக ரத்தம் பாய்கிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு.

மேயோ என்பது கேமராவில் தெரியும் அழற்சியின் கடுமைக்குக் கொடுக்கும் மதிப்பெண், 0 முதல் 3 வரை. 0 என்றால் இயல்பு. 1 என்றால் லேசான சிவப்பு, குழாய் அமைப்பு "குறைந்துள்ளது". 2 என்றால் அது அறவே தெரியாது, தொட்டால் கசியும், மேலோட்டமான புண்கள் இருக்கும். 3 என்றால் தானாகவே ரத்தம் கசியும், ஆழமான புண். ஆக, தங்கையின் ரிப்போர்ட்டில் அந்த வரி தனியாக வந்த பயங்கரச் செய்தி கிடையாது. மேயோ 2-க்கான விளக்கத்திலேயே அடங்கியது.

5 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு குழப்பம் வைத்துவிட்டேன். கேமராவில் தெரியும் கிளைகளையும் சிவந்து புடைக்கும் தந்துகிகளையும் ஒன்றாக்கிப் படிக்க வாய்ப்பிருக்கிறது. அவை இரண்டு தளங்கள். கிளை கிளையாகத் தெரிபவை பெரும்பாலும் சவ்வுக்கு அடுத்த அடுக்கில் ஓடும் கொஞ்சம் பெரிய குழாய்கள். மேலே, சவ்வுக்குள்ளேயே, தந்துகிகள் தேன்கூடு மாதிரி அமைந்திருக்கும். ஒவ்வொரு சுரப்பிக் குழியின் வாயையும் ஒரு வளையம் சுற்றியிருக்கும். சாதாரண வெளிச்சத்தில் இந்தத் தேன்கூடு சரியாகப் பிடிபடாது. 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை மட்டும் பாய்ச்சும் முறை ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்வதால் குழாய்கள் மட்டும் கருத்துத் தெரியும்.

கீழ்த்தளம் மறைகிறது, மேல்தளம் வீங்குகிறது. நேற்றே இப்படி எழுதியிருக்க வேண்டும்.

7 பிப்ரவரி 2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்போ ரத்தம் வர்றது குழாய் வெடிச்சுதானே?"

வெடிப்பு என்றால் பெரிய குழாய் ஒன்று உடைந்த மாதிரி தோன்றும். வழக்கமாக நடப்பது அதுவல்ல. தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் கனம். குடலில் இருக்கும் தந்துகிகளில் அதிலும் நுண்துளைகள் உண்டு, நீரும் சத்தும் உள்ளே போக வேண்டுமே. மேலே கூரையாக நிற்கும் சவ்வுச் செல்கள் உதிர்ந்துவிட்டால், புடைத்து நிற்கும் இந்த மெல்லிய குழாய்களுக்கும் மலத்துக்கும் நடுவே ஒன்றும் இல்லை. உரசினால் கசியும். ரிப்போர்ட்டில் "தொட்டால் ரத்தம்" என்று எழுதுவது இதைத்தான்.

ஆயிரம் இடத்தில் ஒரு துளி என்று கசிவதால் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் கொட்டோகொட்டென்று கொட்டாது. மாதக்கணக்கில் போகும்போதுதான் சேமிப்பு இரும்பு கரைகிறது. எனக்கு முதல் வருஷம் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியது மாடி ஏறும்போதுதான் தெரிந்தது. தங்கைக்கு ஃபெரிட்டின் (சேமிப்பு இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா என்று கேளுங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும், அதையும் சேர்த்தே கேளுங்கள்.

11 பிப்ரவரி 2024

"மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்." இந்த "அவ்வளவுதான்" ஒரு வாரமாக என்னை உறுத்துகிறது. பயந்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்காகச் சொன்னேன், அந்த இரவுக்கு அது போதும். முழு உண்மை அது இல்லை. குழாய்கள் சும்மா மறைந்து நிற்கவில்லை. இந்த நோயில் அவையே ஒரு கட்சி.

ஸ்லைடில் பார்த்தால் புரியும். ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றிய குடல் துணுக்கில், சுரப்பிகளுக்கு இடையே வெள்ளணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்ட கேள்வி, இவ்வளவு பேரும் எந்த வழியாக வந்தார்கள் என்பது. வழி ஒன்றுதான். தந்துகிகள் முடிந்து சிறு சிரைகள் தொடங்கும் இடத்தில், குழாய்ச் சுவரைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அந்தச் சுவரின் உள்பூச்சுக்கு எண்டோதீலியம் என்று பெயர். அது தானாகக் கதவைத் திறப்பதில்லை. திசுவிலிருந்து டி.என்.எஃப். போன்ற சமிக்ஞைகள் வந்ததும் தன் உள்முகத்தில் ஒட்டும் புரதங்களை முளைக்கவிடுகிறது. முதலில் செலக்டின். அதில் உரசி வெள்ளணு வேகம் குறைந்து உருள்கிறது. பிறகு ஐகேம், விகேம். அவற்றில் நன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நின்றதும் இரண்டு செல்களுக்கு நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு வெளியேறி, திசுவுக்குள் இறங்குகிறது.

குடலுக்கென்றே ஒரு முகவரிப் பலகை உண்டு. மேட்கேம் என்ற புரதம். குடலின் குழாய்ச் சுவரில் வழக்கமாகவே கொஞ்சம் இருக்கும், அழற்சியில் கூடிவிடும். அதைப் படிக்கத் தெரிந்த வெள்ளணுக்களின் மேல் ஆல்ஃபா 4 பீட்டா 7 என்ற இன்டெக்ரின் வகைப் புரதம் இருக்கிறது. பலகையும் அதைப் படிக்கும் கண்ணும் பொருந்தினால், "இறங்கு, இதுதான் ஊர்."

2014-இல் அனுமதி பெற்ற வெடோலிஸுமாப் என்ற மருந்து அந்தக் கண்ணை மட்டும் கட்டுகிறது. நான் அதில்தான் இருக்கிறேன், ஐந்து வருஷமாக. 300 மில்லிகிராம் டிரிப்பில், 0, 2, 6-ஆம் வாரங்களில், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை. முதல் ஆறு வாரம் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று அழுதேன். அப்புறம் லேபில் ஒரு துணுக்கைச் சீவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: மருந்து கதவை அடைக்கிறது, ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவர்களை வெளியே துரத்துவதில்லை. அவர்கள் தங்கள் காலத்தை முடித்துக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு 14-ஆவது வாரம் ரத்தம் நின்றது.

இதற்கு முன்னே வந்த நடாலிஸுமாப் ஆல்ஃபா 4 முழுவதையும் கட்டியது. அதனால் மூளைக்குப் போகும் காவலர்களும் நின்றுபோனார்கள். சிலருக்கு ஜே.சி. வைரஸால் மூளையில் கொடிய தொற்று வந்தது. 2005-இல் விற்பனையை நிறுத்தி, அடுத்த வருஷம் கடும் கண்காணிப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள். குடலின் பலகையை மட்டும் குறிவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தக் கதை தெரிந்தபின்தான் எனக்குப் புரிந்தது.

11 பிப்ரவரி 2024, சற்று கழித்து

இன்ஃப்ளிக்ஸிமாப் எடுப்பவர் ஒருவர் "எங்க மருந்து எந்தக் கதவு?" என்கிறார். உங்களுடையது கதவைத் திறக்கச் சொல்லும் குரலையே அடக்குகிறது. டி.என்.எஃப். அடங்கினால் எண்டோதீலியம் அந்த ஒட்டும் புரதங்களைக் குறைத்துக்கொள்ளும். அதனால் விளைவு வேகமாகத் தெரியும். எது யாருக்கு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

15 பிப்ரவரி 2024

குழாய் திரும்ப வளருமா என்பதுதான் உங்கள் மூன்றாவது கேள்வி. அதற்கு நான் பதிலே எழுதவில்லை. பதில் வேடிக்கையானது: இந்த நோயில் குழாய்கள் குறைவதில்லை, பெருகுகின்றன.

எங்கள் லேபில் குழாய்ச் சுவரை மட்டும் பழுப்பாக்கும் சாயம் ஒன்று உண்டு, சி.டி. 31 என்ற புரதத்தைப் பிடிக்கும். வேறு ஏதோ காரணத்துக்காக ஒரு கொலைட்டிஸ் துணுக்குக்கு அதைப் போட்டிருந்தார்கள். நலமான குடலில் ஒழுங்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் பழுப்பு வளையங்கள், அதில் மழைக்குப் பின் புல் முளைத்த மாதிரி அடர்ந்து, வளைந்து, நெளிந்து கிடந்தன. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. என் குடலும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அழற்சி நடக்கும் இடத்தில் ஆக்ஸிஜன் பற்றாக்குறை. குவிந்த வெள்ளணுக்கள் தின்றுவிடுகின்றன. பற்றாக்குறையை உணரும் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை விடுகின்றன, அது புதுக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. 1983-இல் இதை முதலில் கண்டபோது வைத்த பெயர் "குழாய் ஊடுருவுதிறன் காரணி". குழாயை ஒழுகச் செய்யும் பொருளாகத்தான் அறிமுகமே. இந்தப் பழைய பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: அவசரத்தில் முளைத்த குழாய்கள் ஒழுகும். ஒழுகினால் நீர்கோர்ப்பு. நீர்கோர்ப்பு கூடினால் ஆக்ஸிஜன் போய்ச்சேரும் தூரம் கூடும். பற்றாக்குறை தீரவில்லை, மறுபடி வி.இ.ஜி.எஃப். மேலும், புதுச் சுவர் ஒவ்வொன்றும் புதுக் கதவு. வெள்ளணு இறங்க இன்னும் இடம் கிடைக்கிறது.

16 பிப்ரவரி 2024

"அப்போ வி.இ.ஜி.எஃப்.-ஐ அடைக்கும் மருந்து கொடுத்தால் என்ன? புற்றுநோய்க்கு இருக்கிறதே" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் இதையே நினைத்தேன், ஒரு டாக்டரிடம் கேட்கவும் செய்தேன். நீங்கள் சொல்லும் அந்தப் புற்றுநோய் மருந்தான பெவசிஸுமாப் பற்றிய எச்சரிக்கைகளில் முதன்மையானது குடலில் ஓட்டை விழுவது. புண் ஆறவும் புதுக் குழாய் வேண்டும். அதே முளைப்புதான் புண்ணின் அடியில் சதை வளர வைக்கிறது. நோயை வளர்ப்பதும் காயத்தை மூடுவதும் ஒரே கை. அந்தக் கையை வெட்ட முடியாது. அழற்சி அடங்கினால் அது தானே அடங்கும்: இன்ஃப்ளிக்ஸிமாப் பலன் தந்த கிரோன்ஸ் (குடல் அழற்சி நோயின் இன்னொரு வகை) நோயாளிகளின் சவ்வில் புதுக் குழாய் முளைப்பும் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

20 பிப்ரவரி 2024

கிரோன்ஸ்காரர்கள் கோபப்படுகிறார்கள், இந்த உரையாடல் இழை முழுக்க கொலைட்டிஸாகவே இருக்கிறதாம். நியாயம்தான். எனக்கு அது உடம்பில் தெரியாது, ஸ்லைடில்தான் தெரியும், அதனால் சுருக்கமாக.

கிரோன்ஸ் சவ்வோடு நிற்பதில்லை, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் போகும். குடலைத் தாங்கும் கொழுப்புத் திரையிலிருந்து வரும் நேர்க்குழாய்கள் புடைத்து, ஸ்கேனில் சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாகத் தெரியும். அந்தத் தோற்றத்துக்கே சீப்பு அடையாளம் என்றுதான் பெயர். கொழுப்பும் குடலைச் சுற்றி ஊர்ந்து ஏறும். வெளுத்த திரவத்தைக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்களும் அடைபட்டுப் புடைக்கும். ரத்தக்குழாய் ஒழுகியதை வடித்து எடுக்க வேண்டிய வடிகால் அது. அதுவே அடைத்தால் நீர்கோர்ப்பு எங்கே போகும்?

வருஷக்கணக்கில் நீடித்தால் படம் மாறுகிறது. ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்று சொன்னேன் இல்லையா, தழும்பேறி இறுகிய குடலில் அது குறைந்துவிடுகிறது. நீண்டகால அழற்சியில் இருந்த நுண்குழாய்கள் நைட்ரிக் ஆக்ஸைடைச் சரியாக உண்டாக்குவதில்லை, அதனால் விரிய வேண்டிய நேரத்தில் விரிவதில்லை. எண்ணிக்கையில் நிறையக் குழாய், வேலையில் குறைவு. சிகரெட் கிரோன்ஸை மோசமாக்கும் என்பது உறுதி. பிடிப்பவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

23 பிப்ரவரி 2024

"ரத்த ஓட்டம் குறைஞ்சு வர்ற கொலைட்டிஸ்னு என் அப்பாவுக்குச் சொன்னாங்க, இதுவும் அதுவும் ஒண்ணா?"

இல்லை. அது இஸ்கீமிக் கொலைட்டிஸ், பெரும்பாலும் வயதானவர்களுக்குத் திடீரென்று வரும். பெருங்குடலுக்கு இரண்டு பெரிய தமனிகள் ரத்தம் கொடுக்கின்றன. இரண்டின் எல்லையும் சந்திக்கும் இடப்பக்க மேல் வளைவுதான் முதலில் வாடும். மலக்குடலுக்கு வேறு வழியிலும் ரத்தம் வருவதால் அது பெரும்பாலும் தப்பிக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தொடங்குவதே மலக்குடலில். வரைபடம் ஏறக்குறைய தலைகீழ்.

2 மார்ச் 2024

இரண்டு வாரமாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். இன்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தங்கைக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தும் ரத்தம் நிற்கவில்லை, நாளைக்கு எட்டு தடவை போகிறது என்று முதல் கேள்வியைக் கேட்ட தம்பி நேற்று எழுதியிருக்கிறார்.

2016. எனக்கு நாளைக்கு 12 தடவை, ஒவ்வொரு தடவையும் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் காலை ஒரு நர்ஸ் சிறிய ஊசியோடு வந்தார், வயிற்றுத் தோலில் போட வேண்டும் என்றார். என்ன மருந்து என்றேன். ரத்தம் உறையாமல் இருக்க, ஹெப்பாரின் வகை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் கொட்டுகிறது, நிறுத்துவதற்கு மருந்து கொடுக்காமல் உறையாமல் இருக்கவா? வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதற்காக அந்த ஊசி என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. லேபில் வேலை செய்கிறவள், எனக்குத் தெரியாதா என்ற எண்ணம்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் இடது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியது. வலது காலைவிட இரண்டு விரல்கடை பருத்திருந்தது. ஸ்கேனில் ஆழ்சிரையில் தொடைவரை உறைகட்டி. நுரையீரலுக்குப் போகாதது என் நல்ல காலம். ஆறு மாதம் உறையெதிர்ப்பு மாத்திரை.

குடல் குழாய்களில் நடப்பது குடலோடு நிற்பதில்லை. எண்டோதீலியம் விழித்துக்கொண்டால் வெள்ளணுக்களுக்கு மட்டும் ஒட்டும் இடமாக மாறுவதில்லை, தட்டணுக்களுக்கும் மாறுகிறது. அழற்சியில் தட்டணுக்களின் எண்ணிக்கை கூடும், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் கூடும். அதோடு நீரிழப்பு, படுக்கை, ஸ்டீராய்டு. குடலில் ரத்தம் போவதற்குக் காரணம் சவ்வு உதிர்ந்து தந்துகி திறந்திருப்பது. ரத்தம் உறையும் திறன் குறைந்ததால் இல்லை. திறன் கூடித்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் நான் ஒன்றாக்கிவிட்டேன்.

புதுச் செய்தியும் இல்லை. கொலைட்டிஸ்காரர்களுக்குச் சிரையில் உறைகட்டி வருவதை 1936-லேயே பார்கனும் பார்க்கரும் எழுதிவைத்திருக்கிறார்கள். குடல் அழற்சி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் சுமார் 8 மடங்கு என்று பிரிட்டனில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2010-இல் சொன்னது. தனி ஒருவருக்கு வரும் வாய்ப்பு என்று பார்த்தால் இன்னும் சிறியதுதான், அதனால் பதற வேண்டாம். ஆனால் கடும் கொலைட்டிஸோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் அந்த ஊசி போடச் சொல்வதுதான் வழிகாட்டு நெறி. உயிருக்கு ஆபத்தான பெருக்கு இருந்தால் மட்டும் வேறு.

தம்பி, நாளைக்கு 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், அதோடு நாடி 90-க்கு மேலோ, காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழோ இருந்தால் அது கடும் தாக்குதல். 1955-லிருந்து டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இன்றே நாடியை எண்ணிப் பாருங்கள்.

3 மார்ச் 2024 (பதில்)

அக்கா, நாடி 108. ராத்திரியே சேர்த்துட்டோம். காலைல அந்த ஊசியோட வந்தாங்க. இவ கையைத் தட்டிவிடப் பார்த்தா. நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். போட்டுக்கிட்டா.

3 மார்ச் 2024

போட்டுக்கொண்டாள் என்ற வார்த்தையை மூன்று தடவை படித்தேன். வீடு திரும்பிய பிறகும் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஓடுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், எழுந்து நடக்க வையுங்கள்.

19 மார்ச் 2024

தங்கைக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் முதல் டோஸ் முடிந்து, நாளைக்கு மூன்று தடவையாகக் குறைந்திருக்கிறதாம். இழையைக் கொஞ்சம் வேறு பக்கம் கொண்டுபோகிறேன்.

நோய் கிளம்பும்போதெல்லாம் எனக்குத் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். பேச்சின் நடுவே வார்த்தை கிடைக்காது. இரும்புச்சத்துக் குறைவு, தூக்கமின்மை என்று சொல்லிச் சமாதானமாவேன். மிலானில் ஒரு குழு 2015-இல் குடலின் குழாய்களுக்கே தனியாக ஒரு தடுப்பு இருப்பதைக் காட்டியது. சவ்வைத் தாண்டிய கிருமி ரத்தத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் இரண்டாவது மதில் அது. அந்த மதில் தளர்ந்தால் குழாய்ச் சுவரில் பி.வி. 1 என்ற புரதம் கூடித் தெரியும். 2021-இல் எலிகளில் இன்னொன்று கண்டார்கள்: குடலின் மதில் அழற்சியால் திறந்துகொள்ளும்போது, மூளைநீரைச் சுரக்கும் குழாய்ப் பின்னலில் உள்ள மதில் இறுக மூடிக்கொள்கிறது. மூளை தன்னைக் காத்துக்கொள்கிறது. அப்படி மூடியிருக்கும்போது எலிகளின் நினைவாற்றலும் நடத்தையும் மாறின.

எலிதான். என் தலைப் பஞ்சுக்கு இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்த அன்று, "உனக்கு மனசுதான் சரியில்லை" என்று கேட்டுக் கேட்டுப் புண்ணான இடத்தில் யாரோ கை வைத்து ஆற்றிய மாதிரி இருந்தது.

6 ஏப்ரல் 2024

"ஒவ்வொரு தடவையும் கேமராக் குழாய் விட்டுத்தான் பார்க்கணுமா?" வேண்டியதில்லை. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. குடலுக்குச் செய்யும் அல்ட்ராசவுண்டும் இருக்கிறது. பெருங்குடல் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா, சுவருக்குள் ரத்த ஓட்டம் எவ்வளவு என்று வயிற்றுக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். கலர் டாப்ளரில் அழற்சியுள்ள சுவருக்குள் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுகள் மினுங்கும். எனக்குப் போன வருஷம் செய்தபோது திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். சுவர் சாம்பல் நிறமாக, சலனமில்லாமல் இருந்தது. அவ்வளவு அழகான வெறுமையை நான் பார்த்ததில்லை.

14 ஆகஸ்ட் 2024 (பதில்)

அக்கா, இழையைத் தேடிப் பிடிச்சேன். நேத்து மறுபடி கொலோனோஸ்கோபி. மேயோ 1. "ரத்தக்குழாய் அமைப்பு குறைந்துள்ளது"ன்னு போட்டிருக்கு. ரத்தம் நின்னு மூணு மாசம் ஆச்சு. இவளுக்குச் சந்தோஷம்தான், ஆனா "இன்னும் ஏன் முழுசா வரல"ன்னு கேக்குறா. ரெண்டு தடவை எடுத்த படத்தையும் போட்டிருக்கேன், பேரை மறைச்சுட்டேன்.

14 ஆகஸ்ட் 2024, இரவு

"மறைந்துள்ளது" என்பது "குறைந்துள்ளது" ஆகியிருக்கிறது. சந்தோஷப்படட்டும்.

ஏன் முழுசாக வரவில்லை என்பதற்கு இரண்டு பதில். ஒன்று, அழற்சி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். முன்பெல்லாம் மேயோ 0, 1 இரண்டையும் ஆறியதாகவே கணக்கிட்டார்கள். 1-இல் இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 0-வைவிடக் கூடுதல் என்று தெரிந்த பிறகு, 2021-இல் வெளிவந்த சர்வதேசப் பரிந்துரையில் 0-வையே இலக்காக வைத்தார்கள். அதனால் மருந்தை இப்போது குறைக்கலாமா என்று நீங்களாக யோசிக்க வேண்டாம். பயாப்சியில் என்ன வந்திருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். கேமராவுக்குத் தெரியாத அழற்சி எங்கள் ஸ்லைடில் தெரியும்.

இரண்டு, பிப்ரவரியில் நான் சொன்ன மரம். ஆவி துடைத்ததும் அதே மரம் அதே இடத்தில் தெரியும் என்ற மாதிரி எழுதிவிட்டேன். அதைத் திருத்துகிறேன். ஆறிய குடலில் குழாய்கள் சில நேரம் பழைய ஒழுங்கில் வருவதில்லை. சில இடத்தில் கிளை குறைவாக, சில இடத்தில் கோணல்மாணலாக இருக்கும். எனக்கு மேயோ 0 வந்து நான்கு வருஷம், மலக்குடலில் இன்னும் ஒரு திட்டு வெறுமையாகத்தான் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு குழாய் திருகிக்கொண்டு ஓடுகிறது. பயாப்சியில் அங்கே அழற்சி இல்லை. தழும்புதான். தங்கையுடையது மிச்ச அழற்சியா, இந்த மாதிரி மாற்றமா என்று படத்தை வைத்து நான் சொல்ல முடியாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிப்ரவரிப் படம் முழுக்க ஒரே சிவப்பு, ஈரத்துணி மாதிரி. நேற்றைய படத்தில் மேல் இடது மூலையில், பளபளவென்று வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய கோடு ஒன்று வந்து இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை மறுபடி பிரிகிறது. தங்கையைக் கூப்பிட்டு அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். அது குழாய்.